டிக்கி வைத்த வண்டி

சாந்தாமணி உட்கார்ந்திருந்தது ஒரு காரின் பின்சீட்டில்தான். என்ன, அதைச் சுற்றிக் கார்தான் இல்லை. எந்தக் காலத்திலோ எந்த வண்டியிலிருந்தோ கழற்றிய சீட்டை ஜெயபால் தன் ஒர்க்‌ஷாப் சுவரோரம் செங்கல் முட்டுக் கொடுத்துப் போட்டு வைத்திருந்தான். வண்டி விட வருகிறவர்களுக்கு அதுதான் சோபா. இடதுபக்கம் ஒரு ஸ்பிரிங் கிளம்பி வந்து தொடையில் குத்தியது, நகர்ந்து உட்கார்ந்தால் வலதுபக்கம் பள்ளம். குத்தா பள்ளமா என்று யோசித்துப் பள்ளத்திலேயே இருந்துகொண்டாள். எதிரே அவளுடைய வண்டி பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. ஜெயபால் அதற்குள் இடுப்புவரை குனிந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தட்டுக்கும் அவள் மனசு ஒன்றையே சொல்லிக்கொண்டது: தேறாது என்று சொல்லிவிடப்பா, இது தேறாது அக்கா என்று நீயே உன் வாயால் சொல்லிவிடு. சொன்னான் என்றால் முடிந்தது. அப்புறம் யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. மெக்கானிக்கே கைவிட்டுவிட்டான், நான் என்ன பண்ண என்று கையை விரிக்கலாம். இப்படி ஒரு ஆசை தனக்குள் இருப்பதை அவள் பெற்ற மகளிடம்கூட மூச்சு விட்டதில்லை. எப்படிச் சொல்வது? கைகால் விழுந்த புருசனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற வண்டி ஒரேயடியாகச் செத்துத் தொலையட்டும் என்று எந்தப் பெண்டாட்டியாவது நினைப்பாளா? நினைக்கிறாள். தகரக் கூரைக்குக் கீழே, முற்பகல் வெக்கையில், பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டு அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். சாமியை வேண்டிக்கொள்ளவில்லை, அந்தளவுக்கு இன்னும் போகவில்லை. ஆனால் சாமி தானாகவே செய்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டாள்.

இந்த வண்டி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவள் புருசன் வெள்ளிங்கிரிதான். பம்புசெட்டு வார்க்கிற பவுண்டரியில் சூப்பர்வைசராக இருந்தபோது வாங்கியது. சின்ன வண்டியாகப் பார்க்கலாமே, மூன்று பேருக்கு எதற்கு இவ்வளவு நீளம் என்று அவள் கேட்டதற்கு, "கார்னா டிக்கி இருக்கோணும் சாந்தா. பின்னால வெட்டிப்போட்ட மாதிரி இருக்கறதெல்லாம் காரா? எந்த ஊட்டுக் கலியாணத்துக்குப் போனாலும் நம்ம வண்டி முன்னாலயும் பின்னாலயும் காரு மாதிரி நிக்கோணும்" என்றார். புதிதாக வாங்க வக்கில்லை, டிக்கி மேல் ஆசை விடவில்லை. ஆகவே இரண்டு கை மாறிய வெள்ளிநிற வண்டி ஒன்று வீட்டு வாசலுக்கு வந்தது. முதல் ஓனர் டாக்டர் என்றார் புரோக்கர். பழைய கார் விற்கிற புரோக்கர்களின் வாயில் எல்லா முதல் ஓனரும் டாக்டர்தான். இந்த ஊரில் மற்றவர்கள் யாரும் கார் வாங்கினதே கிடையாது போலும். வந்த முதல் மாதமே கிளட்ச் போனது. கிளட்ச்சைப் போட்டால் அடியில் சக்கரத்தைப் பிடித்திருக்கிற லோயர் ஆர்ம் ஆடியது. அதை மாற்றினால் பவர் ஜன்னல் பாதியில் நின்றுகொண்டது, மழை வந்தால் பாலித்தீன் கவரைச் செருகிக்கொண்டு ஓட்ட வேண்டியிருந்தது. ஏசி கம்ப்ரஸர் ஒரு கோடையில், ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரு தீபாவளிக்கு முதல் நாள். கலியாணத்தில் ஒரு சொந்தக்காரனுக்கு முறை செய்தால் அடுத்தவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வானே, அந்த மாதிரி ஒன்றுக்குச் செய்ததும் பக்கத்தில் இன்னொன்று முறுக்கிக்கொண்டது. சாமான் விலை கொஞ்சம்தான் என்பார்கள், அதைக் கழற்ற வழியிலிருக்கிற பத்தைக் கழற்றவேண்டும், கூலி அதைவிட அதிகம் என்பார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். ஆனால் வெள்ளிங்கிரிக்கு அதில் சலிப்பே வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் வண்டியைத் துடைப்பார், சுற்றி வருவார், எதிர்வீட்டு டீச்சரம்மாவின் வீட்டுக்காரரிடம் வேண்டுமென்றே டிக்கியைத் திறந்து மூடிக் காட்டுவார். டப்பென்று ஒரு கனமான சத்தம் கேட்கும். சமையலறையில் இருக்கிறவளுக்குச் சிரிப்பு வரும். அந்த மனுசனை நினைத்தால் இப்போதும் சிரிப்புத்தான் வருகிறது, ஆனால் அந்த மனுசன் எங்கே?

வீட்டில் சக்கர நாற்காலியில் இருக்கிறார். பிளாஸ்கில் காப்பி, மடியில் போன், எட்டுகிற தூரத்தில் டிவி ரிமோட், கதவைச் சும்மா சாத்தி வைத்துவிட்டு வந்திருக்கிறாள். டீச்சரம்மா நடுவில் ஒரு தடவை எட்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள். பார்த்திருப்பாளா? போன் பண்ணிக் கேட்கலாம். கேட்டால் அவர் எடுத்துப் பேசத் திணறுவார், அந்தத் திணறலைக் கேட்க இப்போது தெம்பில்லை. வேலையில் இருந்தபோதே பக்கவாதம் வந்து பவுண்டரியிலேயே விழுந்துவிட்டார். வலதுகையும் வலதுகாலும் சொன்னபடி கேட்காமல் போய், வாய் ஒரு பக்கம் கோணி, வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வைப்பதுபோல் ஆகிவிட்டன. வாரத்துக்கு இரண்டு நாள் பிசியோதெரபி என்றார்கள், திங்களும் வியாழனும். ஆட்டோவில் கூட்டிப்போனபோது ஆட்டோக்காரர் இறங்கி அவரை இடுப்பில் அணைத்துத் தூக்கினார், நல்ல மனுசன், உதவிதான் செய்தார். ஆனால் வெள்ளிங்கிரி அன்று முழுக்கச் சோறு தின்னவில்லை. அடுத்த மாதம் சாந்தாமணி டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். பேரன் எடுக்கிற வயதில் "எல்" போர்டு. கூடப் படித்தது எல்லாம் காலேஜ் பிள்ளைகள், ஆன்ட்டி ஆன்ட்டி என்று கதவைத் திறந்துவிடும். ஸ்டியரிங்கைப் பிடித்தாலே உள்ளங்கை வேர்த்து வழுக்கும். பஸ் ஒன்று பின்னாலிருந்து ஹாரன் அடித்தால் ரோட்டோரமாக ஒதுங்கி நின்றுவிடுவாள். நின்றுவிடுவாள் என்ன, இன்றைக்கும் நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே அவளுக்குத் திங்கட்கிழமை வந்துவிடும். சாயங்காலம் மேம்பாலம் மனசுக்குள் எழும்பி நிற்கும், அதில் ஏறும்போது முன்னால் லாரி நின்றுவிட்டால் என்ன பண்ணுவேன், பாதி ஏற்றத்தில் ஹேண்ட்பிரேக் பிடிக்குமா, வண்டி பின்னால் உருண்டு யாராவது ஸ்கூட்டர்க்காரன் மேல் ஏறிவிட்டால், என்று படுக்கையிலேயே அவள் கால் கிளட்ச்சை அமுக்கிக்கொண்டிருக்கும். அத்தனைக்கும் ஒரே ஒரு ஆறுதல் உண்டு. வீட்டில் நாள் முழுக்க வாயே திறக்காத மனுசன், முன்சீட்டில் பெல்ட்டைப் போட்டு உட்கார்த்திவிட்டால் பேசுவார். "கிளட்ச்ச... விடு." "ரெண்டாவது... போடு." "அந்தப் பேக்கரி... மூடிட்டானா?" அவ்வளவுதான். ஆனால் வீட்டில் அதுவும் கிடையாது. வண்டிக்குள் வந்தால் மட்டும் ஊரில் எது மூடியிருக்கிறது, எது திறந்திருக்கிறது என்று எல்லாம் அவருக்கு வேண்டும். அதற்காகத்தானே ஓட்டுகிறாள். இல்லை, கைக்காகத்தான். கை வரவேண்டும், அதற்காகத்தான். எதற்காகவோ, சலித்துப்போய்விட்டது. அலுப்பு உடம்பில் இருந்தால் படுத்து எழுந்தால் போய்விடும். இது படுத்தாலும் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறது.

நேற்று அந்த மேம்பாலத்தில்தான் ஆயிற்று. பயந்த ஒன்று நடக்கும்போது பயந்த மாதிரி நடப்பதில்லை. லாரி நிற்கவில்லை, பின்னால் உருளவில்லை, ஸ்கூட்டர்க்காரன் யாரும் வரவில்லை. சூடு காட்டுகிற முள் மட்டும் சத்தமில்லாமல் சிவப்புக்குப் போயிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்க்கவே இரண்டு கண் போதவில்லை, முள்ளை எந்தக் கண்ணால் பார்ப்பது? அவர்தான் பார்த்தார். "முள்ளு" என்றார். "என்னங்க?" என்றாள். "முள்ளு... முள்ளு..." அடுத்த வார்த்தை வருவதற்குள் பானெட் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பி முன்கண்ணாடியை மூடிவிட்டது. வண்டி இழுக்காமல் திக்கித் திக்கிப் பாலத்தின் நடு உச்சியில் நின்றுகொண்டது. தீப்பிடிக்கப் போகிறது என்று நினைத்தாள். இறங்கி ஓடி அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். திறந்து? தனியாக அவரை இறக்க அவளால் முடியாது, சக்கர நாற்காலி டிக்கியில் இருக்கிறது, டிக்கி பூட்டு சாவி போட்டால்தான் திறக்கும், சாவி ஸ்டியரிங்கில் இருக்கிறது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். பின்னால் ஹாரன்கள். அப்புறம் யார் யாரோ வந்தார்கள், தண்ணி பாட்டிலைக் கொண்டுவந்து ஊற்றப்போன ஒருத்தரை இன்னொருத்தர் பிடித்து இழுத்து, மூடியைத் திறந்தா மூஞ்சி வெந்துரும்னு சத்தம் போட்டார். நான்கைந்து பேர் சேர்ந்து வண்டியைப் பாலம் இறங்கும்வரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவள் கதவுக்கு வெளியே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். அவர் உள்ளே நேராக ரோட்டைப் பார்த்தபடி, இடதுகையால் மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஊர்வலத்தில் வருகிற மாதிரி உட்கார்ந்து வந்தார். தள்ளினவர்களில் ஒருத்தர், "பெரியவர எறக்கி விட்டா வெயிட்டு கொறையுங்க" என்றார். அவர் காதில் அது விழுந்திருக்கும். காதில் ஒரு குறையும் இல்லை அவருக்கு.

"அக்கா, ஒருக்கா இங்க வந்து பாருங்க."

ஜெயபால் நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டான். ஜெயபாலைப் பற்றிப் பெரிதாக நல்லதும் சொல்ல முடியாது, கெட்டதும் சொல்ல முடியாது. சொன்ன தேதிக்கு வண்டி தரமாட்டான், சொன்ன கணக்குக்குள் நிறுத்தமாட்டான், ஆனால் போட்ட சாமானைப் போட்டேன் என்பான், போடாததைப் போடவில்லை என்பான். அவள் எழுந்து போனாள். என்ஜினின் மேல்பாதியைக் கழற்றித் தரையில் சாக்கு மேல் வைத்திருந்தான். அதன் பெயர் ஹெட்டாம். அவன் ஒரு குச்சியில் ஆயிலைத் தொட்டு எடுத்துக் காட்டினான். கறுப்பாக இருக்கவேண்டிய ஆயில் பால் அதிகமான காப்பி நிறத்தில் நுரைத்திருந்தது. "பாத்தீங்களா, ஆயிலும் தண்ணியும் ஒண்ணாக் கலந்து போச்சுங்க. ஹெட்டுக்கு அடியில இருக்கற கேஸ்கட்டு போனாத்தான் இப்படி ஆகும். சூட்டுல ஹெட்டும் வளைஞ்சிருக்குது. செரி, எதுக்கு இத்தன சூடேறுச்சுன்னு பாத்தா, இதா." கழற்றிய ரேடியேட்டரைக் குப்புறத் தட்டினான். வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்ந்தது. வருசக்கணக்கில் வெந்நீர் காய்ச்சிய அண்டாவின் அடியில் படிந்திருக்குமே, அதே உப்பு. "பூராவும் அடைச்சுக் கெடக்குதுங்க. இதுக்குள்ள தண்ணி எப்படிப் போகும்? எங்கியோ லேசா லீக்கு இருந்திருக்குது, அது தெரியாம டெய்லி தண்ணி ஊத்தி ஊத்தி ஓட்டிப் போட்டீங்க. அதுவும் போர்வெல் உப்புத் தண்ணி. கூலண்ட்டுனு ஒண்ணு கடைல விக்குதுங்களே அக்கா, இதுக்குன்னே. யாருங்க டெய்லி தண்ணி ஊத்தறது?" கேட்டதில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை, வாய்க்கு வந்ததைக் கேட்டான். ஆனால் சாந்தாமணி அவசரமாக முந்திக்கொண்டாள். "நாந்தாங்க" என்றாள். "நீங்களா? ஐயா பவுண்டரில இருந்தவருங்களே, அவரு சொல்லலியா?" "அவருக்கு என்னத்தத் தெரியும் இப்ப" என்றாள். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இங்கே இல்லாத மனுசனைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க ஒரு பொய், அந்தப் பொய்யைக் காப்பாற்ற அவரை மட்டம் தட்டி இன்னொரு பேச்சு.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். இந்த முறை ஸ்பிரிங் மேலேயே உட்கார்ந்துவிட்டாள், குத்தியது, குத்தட்டும். தினமும் காலையில் ஒரு குடம். குடமல்ல, பழைய பெயிண்ட் டப்பா, பிடி வைத்தது. வாசல் படிக்குப் பக்கத்தில் குழாய், அதற்கு எட்ட நாற்காலியைத் தள்ளிக்கொடுத்துவிட்டு, பானெட்டை அவள்தான் தூக்கிக் குச்சியை முட்டுக் கொடுப்பாள். மிச்சமெல்லாம் அவர். இடதுகையால் ரேடியேட்டர் மூடியைத் திருகுவார், அதற்கே வெகுநேரம் பிடிக்கும். டப்பாவைத் தூக்கி, சிந்தி, சட்டை நனைந்து, ஊற்றி, வழிந்ததும் "ம்" என்பார். நாள் முழுவதிலும் அந்த வீட்டில் அவர் செய்கிற ஒரே வேலை அது. மற்ற எல்லாமே அவருக்குச் செய்யப்படுகிறவை: குளிப்பாட்டல், ஊட்டல், துடைத்தல், வேட்டி கட்டல். இது ஒன்றுதான் அவர் செய்வது. தண்ணி குறைந்துகொண்டே வருகிறதே, எங்கே போகிறது என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. குறையக் குறையத்தானே ஊற்ற முடியும், ஊற்றுவதற்கு இடம் இருக்கிறதே என்று சந்தோசம்தான் பட்டாள். ஓட்டை இருந்ததற்குச் சந்தோசப்பட்டவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். சரி, ஆனால் உப்புத் தண்ணி? இந்த இடத்துக்கு வந்ததும் அவள் மனசு நொண்டியது. வேறு பக்கம் போகப் பார்த்தது, டீச்சரம்மா எட்டிப் பார்த்திருப்பாளா, காப்பி ஆறியிருக்குமா என்று. போன இடத்திலிருந்தெல்லாம் திரும்பி அங்கேயே வந்து நின்றது. ஏனென்றால் ஒரு நாள் அவர் பெயிண்ட் டப்பாவை உப்புத் தண்ணிக் குழாயில் பிடிக்கவில்லை. பக்கத்திலேயே இருக்கிற நல்ல தண்ணிக் குழாயைக் காட்டி, "இதுல" என்றார். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எந்தப் பெண்பிள்ளைக்கும் அதைக் கேட்டால் உடம்பு பதறும். அது ஊரே குடிக்கிற சிறுவாணித் தண்ணி. நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது, அதைப் பிடித்து வைக்க எத்தனை குடம், எத்தனை டிரம், சொட்டு வீணாக்கினால் மாமியார் காலத்திலிருந்து கேட்ட பேச்சு எத்தனை. குடிக்கிற தண்ணியில் கால் கழுவினாலே பாவம் என்று சொல்லி வளர்த்த ஊர். "ஏனுங்க, உங்குளுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? குடிக்கற தண்ணியக் காருக்கு ஊத்துவாங்களா? மனுசருக்கே பத்தறதில்ல" என்று கத்திவிட்டாள். அவர் ஏதோ சொல்ல வாயைக் கூட்டினார். உப்பு என்றோ என்னவோ ஆரம்பித்தார். அவள் நின்று கேட்கவில்லை, குக்கர் விசிலடித்தது என்று உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் அவர் உப்புத் தண்ணிக் குழாயைத்தான் திறந்தார். பவுண்டரிக்காரர். தெரிந்துதான் கேட்டிருக்கிறார். ஒரு முழு வாக்கியத்துக்கு நேரம் கொடுத்திருந்தால் ஹெட்டு வளைந்திருக்காது. ஐயோ, கொடுத்திருந்தால் என்ன, அவ்வளவு நல்ல தண்ணியைத் தினம் காருக்கு ஊற்ற அவள் விட்டிருப்பாளா? விட்டிருக்கமாட்டாள். அதுதான் இன்னும் மோசம்.

ஜெயபால் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எதிரில் ஒரு டயர் மேல் உட்கார்ந்தான். "அக்கா, இப்ப ஒளிக்காமச் சொல்லிப்போடறேன். ஹெட்ட லேத்துக்கு அனுப்பி மட்டம் புடிக்கோணும். கேஸ்கட்டு செட்டு, ரேடியேட்டர் புதுசு, தண்ணி பம்பு, ஆயிலு, கூலண்ட்டு, கூலி. அறுபதாயிரத்துக்கு மேல வந்துரும். அதும்போக டயரு நாலும் வெடிப்பு உட்டிருக்குது, இன்னிக்கில்லீன்னாலும் மாத்தித்தான் ஆகோணும். வண்டியே அவ்வளவு போகாதுங்க." கொஞ்சம் நிறுத்தி, குரலை இறக்கிக்கொண்டான். "நானே இப்படிச் சொல்லக்கூடாது, என் பொழப்பு இதுதான். ஆனா உங்கள அலைய விட மனசு வல்லீங்க. ஒடைக்கறதுக்கு எடுக்கற பார்ட்டி ஒருத்தரு இருக்காரு. இப்படியே நிக்கற மேனிக்கு நாப்பதுக்கு எடுத்துக்குவாரு, இன்னிக்கே வந்து இழுத்துட்டுப் போயிருவாரு. யோசிச்சுச் சொல்லுங்க, அதுக்குள்ள அந்த வேனுக்கு பிரேக்கு பாத்துட்டு வந்தர்றேன்." போய்விட்டான். வந்தேவிட்டது. காலையிலிருந்து, காலையிலிருந்து என்ன, ஒரு வருசமாக எதைக் கேட்கக் காத்திருந்தாளோ அது வந்தேவிட்டது. சந்தோசம் வரும் என்று பார்த்தாள், வந்தது, பொய் சொல்ல வேண்டியதில்லை, நிஜமாகவே வந்தது. தோள் இரண்டும் தாமாகக் கீழே இறங்கின. இனி ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகவே இருக்கும். மேம்பாலம் யாருடைய மேம்பாலமோ. மகள் மேகலா ஓசூரிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம், "அந்த ஓட்ட வண்டிய வித்துத் தொலைங்கம்மா, போன்லயே காரு கூப்பிட்டா வாசல்ல வந்து நிக்குது" என்கிறாளே, அவள் சொல்படியே நடக்கட்டும். அவருடைய பி.எஃப். பணத்தில் மிச்சமிருக்கிறதை இந்த இரும்பில் கொட்ட வேண்டாம், உடம்புக்கு வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு நியாயமான பேச்சு. யார் கேட்டாலும் தலையாட்டுவார்கள். ஆனால் அவரிடம் யார் சொல்வது? வாடகைக் கார்க்காரன் வந்து தூக்குவான், இவர் சோறு தின்னமாட்டார். இரண்டு நாள் தின்னமாட்டார், மூன்றாம் நாள் தின்பார், பசி யாரை விட்டது? அப்படி நினைத்ததும் தன் மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. அப்போதுதான் போன் அடித்தது, அவர்தான்.

"சொல்லுங்க. டீச்சரம்மா வந்து பாத்தாங்களா?" என்றாள். முதலில் மூச்சு மட்டும் கேட்டது. வார்த்தைக்கு முன்னால் அவருக்கு மூச்சுத்தான் வரும். "என்ன... சொன்னான்?" "ஹெட்டு வளைஞ்சு போச்சாமுங்க. செலவு நெறைய வரும்ங்கறான்." "எதனால?" அவள் தரையில் கிடந்த வெள்ளைச் செதில்களைப் பார்த்தாள். "பழசாயிருச்சில்லீங்க. பழைய வண்டின்னா அப்படித்தானாம்." மறுபடி மூச்சு. இந்தத் தடவை அவள் அவசரப்படுத்தவில்லை, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். "வித்துரு" என்றார். அந்த ஒரு சொல் மட்டும் திக்காமல் வந்தது. சாந்தாமணி போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள். பேச்சுக்காகக் கேட்டாள், "வித்துப்போட்டா வியாழக்கெழம எப்படிங்க போறது?" "போக... வேண்டாம்." "இந்த வியாழக்கெழமைங்களா?" "எந்தக் கெழமையும். கை... வராது சாந்தா. எனக்குத் தெரியும். போன வருசமே... தெரியும்." வேனுக்கடியில் ஜெயபால் எதையோ சுத்தியலால் அடிக்கிற சத்தம் மட்டும் தூரத்தில். "அப்பறம் எதுக்குங்க வந்துட்டிருந்தீங்க? அத்தன வலியோட, கைய முறுக்கும்போதெல்லாம் கண்ணுல தண்ணி வருமே உங்குளுக்கு, எதுக்குங்க வந்தீங்க?" லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டாள். "நீ... ஓட்டக் கத்துக்கிட்டியே" என்றார் வெள்ளிங்கிரி. "அத்தன பயத்தோட... எனக்காகக் கத்துக்கிட்டே. வேண்டாம்னு... எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றது?"

நான் ஊட்டுக்கு வந்து பேசறனுங்க என்று சொன்னாளா, சொல்லாமலே அணைத்தாளா, அவளுக்கே தெரியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது, அதற்கும் மேலே, இந்த நேரத்தில் வரக்கூடாத ஒன்று, சிரிப்பும் வந்தது. அட கிறுக்குப் புடிச்ச மனுசா. நீ வலிக்கிறது என்று சொல்லியிருந்தால் நான் அந்தப் பாலத்தில் ஏறியே இருக்கமாட்டேனே. நான் பயமாயிருக்கிறது என்று சொல்லியிருந்தால் நீ வந்தே இருக்கமாட்டாய். இவளுக்காக அவர் வலி தாங்கினார், அவருக்காக இவள் பயம் தாங்கினாள், ரெண்டு பேரும் நடுவில் இந்த வண்டிக்குத் தீனி போட்டார்கள். இப்போது எல்லாம் தீர்ந்தது. ஆஸ்பத்திரி வேண்டாம். வண்டி வேண்டாம். எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. இனி வியாழக்கிழமை எப்படி இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்தாள். காலையில் அவர் நாற்காலியில் இருப்பார். அவள் எதிரே இருப்பாள். டிவி ஓடும். தண்ணி ஊற்றவும் ஒன்று இருக்காது. பத்துமணி ஆகும், பதினொன்று ஆகும், சாப்பிடலாமா என்பாள், ம் என்பார். அடுத்த வியாழனும் அப்படியே. அதற்கடுத்ததும். யாரும் யாருக்காகவும் எதையும் தாங்க வேண்டியதில்லை, நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தபோது அவளுக்கு உள்ளங்கை வேர்த்தது. மேம்பாலத்துக்கு வேர்க்கிற மாதிரி இல்லை, அதைவிட மோசமாக வேர்த்தது. பேக்கரி மூடிட்டானா என்று இனி அந்த வாய் யாரிடம் கேட்கும்? அவள் எழுந்தாள். அலுப்பு ஒன்றும் போய்விடவில்லை, இடுப்பிலும் முழங்காலிலும் அப்படியேதான் இருந்தது. கையைப் பற்றி அவரோடு அப்புறம் சண்டை போட்டுக்கொள்ளலாம், டாக்டரையும் கேட்கலாம், அது வேறு பேச்சு. வேனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஜெயபால் அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினான். "என்னங்க அக்கா, பார்ட்டிய வரச் சொல்லிரட்டுங்களா?" "வேண்டாங்க. நீங்க செஞ்சுருங்க." "அக்கா, நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா? அறுபது சொன்னேன், முன்னப்பின்ன ஆகும்." "ஆகட்டும். அதுல என்ன ஊத்தோணுமோ அத வாங்கி ரெண்டு கேனு டிக்கில வெச்சுருங்க. எப்படி ஊத்தறதுன்னு அவருகிட்டயே சொல்லிக் குடுங்க, எங்கிட்ட வேண்டாம்." அவன் வேனுக்கடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்து உட்கார்ந்தான். "பத்து நாளாச்சும் ஆகும்ங்களே. அதுவரைக்கும் ஐயாவ ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கூட்டிட்டுப் போவீங்க?" "ஆஸ்பத்திரிக்கு இனி வர்றதில்லைங்கறாருங்க." ஜெயபாலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாவம், அவனும் அவளுக்கு நல்லதுதான் சொல்லப் பார்த்தான். "ஆஸ்பத்திரிக்குமே இல்லீன்னா அப்பறம் இத்தன செலவு எதுக்குங்க அக்கா?" சாந்தாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கயாவது போறதுக்குத்தான்" என்றாள். "காருன்னா அதுக்குத்தானுங்களே."